சரளா கடையின் முதல் இன்ஜின்

லிங்கராஜபுரத்தில் ‘சரளா இன்ஜின் ஒர்க்ஸ்’ என்று பலகை ஏறிய நாளிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரே பொழுதுபோக்கு, பொம்பளை இன்ஜின் பிரிப்பதை வேடிக்கை பார்ப்பது. டீ வாங்க வந்தவன்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவான். சரளா மர்பி டவுன்காரி; ஒன்று கேட்டால் நாலு திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவள். பல வருஷம் அடுத்தவர் ஷெட்டில் இன்ஜின் இறக்கி ஏற்றியிருக்கிறாள். வேலை அவளுடையது, பெயர் முதலாளியுடையது. போதும்டா சாமி என்றுதான் தனிக்கடை போட்டாள்.

முதல் வேலையாக வந்தது கிருஷ்ணப்பாவின் வெள்ளை அம்பாசடர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வண்டி. அதைத் தெரியாதவர் ஏரியாவில் கிடையாது. அது ஓடினால் சரளாவின் கடையும் ஓடும். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போனால், அப்புறம் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட வேண்டியதுதான்.

பிரித்த இன்ஜினைத் திரும்பப் பூட்டும் நேரம் பார்த்து கிராங்க் ஷாஃப்ட் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்ஜினுக்கு முதுகெலும்பு மாதிரியான அந்தத் தண்டை மூன்று இரும்பு கேப்புகள் பிடித்திருக்கும். கேப்புக்கும் தண்டுக்கும் நடுவில் வளைந்த தகடாகப் புது பேரிங். போல்ட் எல்லாம் முறுக்கிய பிறகும் தண்டு கையால் தள்ளினால் சுழல வேண்டும். இதுவோ கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையாது போலிருந்தது.

லேத் கடை ராஜேந்திரனை ஃபோனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள், தண்டை ஒழுங்காகக் கடையவில்லை என்று. மனுஷன் மைக்ரோமீட்டரோடு வந்து அளந்து காட்டினார். அளவு சுத்தம். பேரிங் சைஸும் சரி. கேப்புகள் இடம் மாறவும் இல்லை.

மறுநாள் கிருஷ்ணப்பா வந்தார். “ஏனம்மா சரளா, ஆகலன்னா ஆகலன்னு சொல்லிடு. இழுத்துட்டுப் போக சனிக்கிழமைக்கு டோயிங் வண்டி சொல்லிட்டேன்.”

“வரட்டும் சார். காலியாத்தான் திரும்பிப் போகும்” என்றாள் சரளா. வாய்தான் அப்படிச் சொன்னது.

அவர் போனதும் எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். முன் கேப்பை மட்டும் முறுக்கிச் சுற்றினாள், சுற்றியது. அதைத் தளர்த்திவிட்டுப் பின் கேப்பை முறுக்கினாள், அதுவும் சுற்றியது. நடுக் கேப்பை முறுக்கியதும் தண்டு சிக்கென்று நின்றது. வாடி என் ராசாத்தி, நீதானா என்று அதைக் கழற்றினாள். பேரிங்கின் முகத்தில் ஓர் இடம் மட்டும் நாணயம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதைத் தள்ளுகிறது. பேரிங்கைப் பெயர்த்தாள். கேப்பின் குழிவில், அதே இடத்தில், இரும்பு நிறத்திலேயே ஒரு கறை. நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சந்தனம்!

சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்த முனிராஜ் அதைப் பார்த்தான். கட்டின புருஷன், தொழில் பெயின்டிங், பக்தி கொஞ்சம் ஜாஸ்தி.

“அது நான் வச்ச பொட்டாச்சே” என்றான். “இன்ஜின் பிரிச்சிக் கெடந்தப்ப ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்லருந்து ஸ்க்ரூ வரைக்கும் ஒண்ணு வுடாம வச்சேன். இது மட்டும் மல்லாந்து கெடந்துச்சு, உள்பக்கமா வச்சிட்டேன்.”

பூஜை முடிந்து டீசல் துணியால் துடைத்தது சரளாதான். மற்ற பொட்டெல்லாம் போய்விட்டது. காய்ந்து கல்லாகியிருந்த இது டீசலில் கறுத்து, பழைய கறை மாதிரி கண்ணை ஏமாற்றிவிட்டது. மயிரிழை இடைவெளியில் சுழல வேண்டிய தண்டுக்கு அந்தப் பொட்டு போதாதா?

திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. “சாமிக்குப் பொட்டு வையின்னா, சாமியையே உள்ள குந்த வச்சிட்டியேயா!”

கேப்பைக் கழுவித் துடைத்து, ஜே.சி. ரோடில் புது பேரிங் வாங்கிவந்து, எண்ணெய் தடவி மாட்டினாள். மூன்று கேப்பையும் முறுக்கிவிட்டுத் தண்டைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு சுழன்றது. அந்த நிமிஷம் அவளுக்கு வந்த சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை முனிராஜிடமே சொன்னாள். முதல் ஃபோன் ராஜேந்திரனுக்குப் போட்டு, “அண்ணே, உங்க மேல தப்பில்ல, மன்னிச்சிக்கங்க” என்றாள்.

மீதியையும் பூட்டி இன்ஜினை வண்டியில் ஏற்றி முடித்தாள். சனிக்கிழமை டோயிங் வண்டி வந்து வாசலில் நின்றது. கூடவே கிருஷ்ணப்பா. அவர் முகத்துக்கு எதிரிலேயே சரளா அம்பாசடரின் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. கிருஷ்ணப்பா பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். டீக்கடைப் பக்கம் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

டோயிங் வண்டி டிரைவர் சுனில் மட்டும் கிளம்பாமல் நின்றான். “அக்கா, நம்ம வண்டி இன்ஜினும் கொஞ்ச நாளா டொக்கு டொக்குன்னு தட்டுது. ஒரு வாட்டி பாக்கறீங்களா?”

“தெருமுனையில திரும்பறப்பவே கேட்டுச்சு. உள்ள வுடு” என்றாள் சரளா.

காலியாகத் திரும்பிப் போகும் என்று அவள் சொன்ன வண்டி, அன்றைக்குத் திரும்பிப் போகவே இல்லை.