இல்லாத அண்ணன்

இசக்கிசெல்விக்கு அண்ணன் கிடையாது. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமமொன்றில் இரண்டு தங்கைகளுக்கு மூத்தவளாகப் பிறந்தவள். சென்னைக்கு அருகே பென்னலூரில் தோழி சசிரேகாவோடு ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் மின்னணுப் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால், தகரக் கூரையின் வெக்கையில் பகலில் தூக்கம் வராது. முன்பு உடன் தங்கியிருந்த ஒருத்தி, "கொஞ்சம் குடிச்சுப் பாரு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவ" என்று ஊற்றிக் கொடுத்தாள். தூக்கம் வந்தது. அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள், பழக்கம் போகவில்லை.

மதுக்கடையில் போய் நிற்கப் பயம். ஒரு ஷேர் ஆட்டோக்காரன்தான் வாங்கிக் கொடுத்தான். அவள் அதைச் சசிரேகாவுக்குத் தெரியாமல் குளிர்பான பாட்டிலில் கலந்து வைத்துக்கொள்வாள். ஒருநாள் அவன், "உன் ரூமு எதுன்னு தெரியும். நானே வந்து குடுத்துட்டுப் போறனே" என்று சிரித்தான். அதற்குப் பிறகு தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டாலே கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பாகங்கள் பொருத்தும் லைனில் நிற்கும்போது விரல்கள் நடுங்கின. சூப்பர்வைசர் அருகில் வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குடியை விட உதவும் கூட்டம் எங்காவது நடக்கிறதா என்று போனில் தேடினாள். ஒரு எண் கிடைத்தது. எடுத்தது ஆண் குரல்.

"சொல்லும்மா, யாருக்கு? வீட்டுக்காரருக்கா?"

"எங்க அண்ணனுக்கு" என்றாள்.

பேசியவர் அமிர்தநாதன். ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்து மீண்டவர். படப்பையில், தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தில் ஞாயிறு மாலைகளில் கூட்டம் நடந்தது. ஒரு அறையில் குடியை விட வந்தவர்கள், எல்லாரும் ஆண்கள். பக்கத்து அறையில் அவர்களுடைய மனைவிமார், தாய்மார். அந்த அறையைக் கவனித்துக்கொண்டது அமிர்தநாதனின் மனைவி அன்னபுஷ்பம். இசக்கிசெல்வியை அங்கேதான் உட்கார வைத்தார்கள்.

அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். எழுந்ததும் பாட்டிலைத் தேடுகிறான், எல்லாரிடமும் பொய் சொல்கிறான், அம்மா போன் செய்தால் எடுக்கப் பயப்படுகிறான். சொன்னதில் அண்ணன் என்ற ஒரு சொல்தான் பொய். சுவருக்கு அப்பால் ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லும் குரல் கேட்கும்போதெல்லாம், அங்கே போக வேண்டும் என்றும் போனால் செத்துவிடுவோம் என்றும் தோன்றும்.

சில வாரம் கழித்து அமிர்தநாதன் கேட்டார். "உங்க அண்ணனை நாங்களே வந்து பாக்குறோம்மா. ரூமு எங்க கீது?"

"வேண்டாம் சார், அவன் அடிச்சிருவான்."

"நாங்க வாங்காத அடியா? இடத்தைச் சொல்லு."

அவசர வேலை என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள். இனி அந்தப் பக்கமே போவதில்லை, தானே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

மறுநாள் உடம்பு முழுக்க வியர்த்தது. அதற்கும் மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. சசிரேகாவிடம் காய்ச்சல் என்றாள். சசிரேகா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, சுவரெல்லாம் எறும்புகள் ஏறுவது தெரிந்தது. தட்டிவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தால் இன்னும் கூடுதலாக ஏறின.

போன் அடித்தது. அன்னபுஷ்பம்.

"இன்னாம்மா, ஆளையே காணோம்? அண்ணன் எப்டி கீறாரு?"

"நடுங்குதுக்கா. சாப்பிட முடியல. சுவத்துல எறும்பு எறும்பா தெரியுது."

"குடிக்கிறத நிறுத்திட்டாரா?"

"ஆமா."

"ஐயோ, அப்டி திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா, உசுருக்கே ஆபத்து. அவராண்ட போனைக் குடு."

இசக்கிசெல்வி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பக்கம், "ஹலோ, ஹலோ" என்ற குரல் பதறியது.

"அக்கா, அண்ணன்லாம் யாருமில்ல. நாந்தான்."

அன்னபுஷ்பம் துண்டித்துவிட்டாள் என்று இவள் நினைத்தபோது மறுபடி குரல் வந்தது. "ரூமு எங்க கீதுன்னு சொல்லு. கதவைத் தொறந்து வையி. போனை வெக்காத. எனக்கும் பயமாத்தான் கீது, பேசிக்கினே இரு."

இசக்கிசெல்வி இடத்தைச் சொன்னாள். வழி நெடுக அன்னபுஷ்பம் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னாள். இசக்கிசெல்வி அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கணவனும் மனைவியும் வந்து சேர்ந்தபோது அவள் கதவருகே தரையில் கிடந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது, யார் ஆட்டோ என்று பார்க்கச் சொல்லி அன்னபுஷ்பத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் ஓர் இரவு தாண்டியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்.

உடம்பு தேறிய பிறகு சசிரேகாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் திட்டினாள், அழுதாள், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இருவருமாகப் படப்பையிலேயே வேறு அறை பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆண்களின் அறைக்குள் போனாள். எல்லாரிடமும் ஒப்புதல் கேட்டு அன்னபுஷ்பமும் கூடவே உட்கார்ந்தாள். இசக்கிசெல்வி பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் குரல் எழவில்லை. டெனிசன் என்பவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தன்னால்தான் வெளியே போகிறார் என்று அவள் ஒடுங்கிப்போனாள். அவர் அவள் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் குடிக்கிறவ" என்றாள்.

நடுவில் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தபோது ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டாள். அதையும் வந்து சொன்னாள். இப்போது குடிப்பதில்லை. ஆனால் பயம் போகவில்லை; வாரம் முழுக்கப் புது இடத்தின் எதிர் அறைக்காரர்கள், சூப்பர்வைசர், ஊர், தன் கை எல்லாவற்றின் மேலும் பயம். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் கூட்டத்தில் உரக்கச் சொல்கிறாள். சிலர் தலையாட்டுகிறார்கள்.