ஹெக்டர் கெடிஸ் பின்பக்கமாக வந்த நாள்

எங்கள் ரான்ஃபர்லி ஊரில் கார் வைத்திருந்தும் ஹெக்டர் கெடிஸிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. மற்ற மெக்கானிக்குகள் காரைப் பழுது பார்ப்பார்கள். இவர் முதலில் காரின் சொந்தக்காரரைப் பழுது பார்ப்பார். கார் என்றால் முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கார்தான் கார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை ஓட்டத் தெரியாதவன்தான் வாங்குவான். இது அவர் கட்சி.

அப்படிப்பட்டவரைக் கேட்காமல் மனைவி ஐல்ஸா டனீடன் நகரத்துக்குப் போய், நாலு சக்கரமும் இழுக்கிற ஜப்பான் வண்டி ஒன்றை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். ஹெக்டர் அதையும் முன்சக்கர வண்டி மாதிரியேதான் கவனித்தார். பின்சக்கரங்களைச் சுழற்ற டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி பின்னால் உண்டு, அதற்குத் தனியாக ஆயில் மாற்ற வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ளவே அவருக்கு மூன்று வருடம் பிடித்தது.

அந்தக் குளிர்காலம் அணைத் தண்ணீர் உறைந்தது. உறைந்தால் எங்களுக்குப் பான்ஸ்பீல். பனிக்கட்டி மேல் கருங்கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் திருவிழா. பனி தாங்கும் என்று ரேடியோவில் சொன்ன மறுநாளே ஆட்டம். ஆட்டுப் பண்ணை வேலையும் நிற்கும், கல்யாண வேலையும் நிற்கும். பல வருடங்கள் அணை உறையாமலே போய்விடும். ஹெக்டருக்கு எழுபது நெருங்கிவிட்டது, ஒரு தடவைகூடக் கேப்டனாக நின்றதில்லை. இந்தத் தடவை எங்கள் நாலு பேர் அணியில் ஐல்ஸா, நான், என் தம்பி மர்டோ மூவரும் சேர்ந்து அவரைத்தான் கேப்டன் என்று வைத்திருந்தோம். அடுத்த பனி எப்போதோ, யாருக்குத் தெரியும்?

மர்டோ எங்கள் வண்டியில் முன்னாலேயே போய்விட்டான். ஹெக்டரின் சொந்தக் கார் எஞ்சினைக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. மெக்கானிக் வீட்டுக் கார் வேறு எப்படி இருக்கும்? ஆகவே ஐல்ஸாவின் வண்டிதான். அதுவோ சில நாட்களாக முனகிக்கொண்டிருந்தது. ஹெக்டர் பின்பக்கத்து இடது சக்கரத்தின் பேரிங்கை மாற்றினார். முனகல் நிற்கவில்லை. வலது பக்கத்தையும் மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. ரேடியோவில் 'நாளை ஆட்டம்' என்றார்கள்.

கர்லிங் கற்களை டிக்கியில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். ஐல்ஸா பின்சீட்டில் இருந்தார்.

"சத்தம் சக்கரத்துல இல்லய்யா. என் சீட்டுக்கு அடியில கொர்ருங்குது."

"உன் குறட்டையா இருக்கும்."

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குனிஞ்சுதான் பாரேன்."

"எத்தனை வருஷமா பேரிங் மாத்தறேன்! சீட்டுக்கு அடியில பேரிங் வெச்ச காரை நான் பார்த்ததே இல்ல."

"எப்படிப் பார்ப்ப? அந்த மாதிரி வண்டி வந்தா வாசல்லயே வெச்சுத் திட்டி அனுப்பிடுவியே."

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஹெக்டர் வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்து கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றார் ஐல்ஸா.

"ஒரு பேரிங் இருக்கு."

"எங்க?"

"உன் சீட்டுக்கு அடியில."

பின்சக்கரங்களுக்குப் போகும் நீள ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங் அது. அதன் ரப்பர் கிழிந்து தொங்கியது. முன்சக்கர வண்டியில் அந்த ஷாஃப்டே கிடையாது. புதுசு டனீடனிலிருந்து வர வேண்டும், காலைக்குள் வராது. ஹெக்டர் யோசித்தார். பிறகு ஷாஃப்டையே மொத்தமாகக் கழற்றி மூலையில் சாத்தினார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"இப்ப முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இப்பதான் இதுக்குப் புத்தி வந்திருக்கு."

மறுநாள் அணைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த மேட்டில் அந்தப் புத்தி போய்விட்டது. பாதை முழுக்கப் பனி. டிக்கியில் கல்பாரம், வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. முன்சக்கரங்கள் சும்மா சுற்றின. அவரிடம் திட்டு வாங்கியவர்கள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள்.

"என்ன ஹெக்டர், ஓட்டத் தெரியலயா?"

ஆட்டம் தொடங்கும் சங்கு ஊதும்போது பனியில் நிற்காத அணிக்கு ஆட்டம் இல்லை. ஹெக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றார் கடைசியில். "திருப்பிட்டு ரிவர்ஸ்ல ஏறணும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தா பாரம் முன்சக்கரத்துல விழும், பிடிச்சுக்கும். ஆனா ஊரே பார்க்குமே."

"வெட்கமா, விளையாட்டா? சீக்கிரம் சொல்லு," என்றார் ஐல்ஸா.

அவர் திருப்பினார். மேட்டின் மேல் நின்ற கூட்டம் முதலில் பார்த்தது எங்கள் டிக்கியைத்தான். பனிக்கரை வரை அப்படியே போனோம். கைதட்டல், விசில், சிரிப்பு. ஹெக்டர் காதுமடல் சிவக்க, யாரையும் பார்க்காமல் கற்களை இறக்கினார்.

கர்லிங்கில் கேப்டன் எதிர்க்கோடியில் நின்று உத்தரவு போடுவார். மற்றவர்கள் ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைப் பெருக்க வேண்டும். மர்டோ எங்களைப் பார்த்து ஓடி வந்தான். நடுவர் எங்களிடம் வந்தார்.

"இந்த அணிக்குக் கேப்டன் யாரு?"

நான் ஹெக்டரைப் பார்த்தேன். அவர் உறைந்த அணையை ஒரு தடவை கடைசிவரை பார்த்தார்.

"இவதான். கோளாறு எங்க இருக்குன்னு இவளுக்குத்தான் தெரியுது."

ஐல்ஸா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, பனிக்காற்றால் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்போது சங்கு ஊதியது.

"அப்ப ஏன் மரம் மாதிரி நிக்கற? துடைப்பத்தை எடு!" என்றார் ஐல்ஸா.