பெண் உயரத்தில் ஒரு சுமைதாங்கி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று கொழுந்தன் விட்டுப்போனது. சாலைக் கடைத்தெருவில் காய்கறி எடுத்து, ஸ்ரீவராகம் தெருக்களில் தலைச்சுமையாக விற்று வளர்த்தேன். யார் வாசலிலும் கையேந்தி நிற்கவில்லை. படிப்பு என்றால், பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதனால் நான் சொல்கிறேன், மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே போய்விட்டாள். முகம் நினைவில்லை. போட்டோ கிடையாது. ஒரு சேலைகூட மிஞ்சவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குப் பாரம் இறங்காது என்பார்கள். அவளுக்காக வழியோரம் சுமைதாங்கி வைப்பது வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். சுமை கொண்டு போகிறவர்கள் ஆள்துணை இல்லாமல் தலையிலிருந்து அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். அவர்கள் இறக்க இறக்க அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அப்பாவும் அப்படி ஒரு கல் வைத்தார். அன்றைக்கு அம்மா சண்டை பிடித்தாளாம். எல்லாரும் வைக்கிற மாதிரி ஆண்பிள்ளை உயரத்துக்கு வைக்காதே, என் பிள்ளை உயரத்துக்கு வை, அவளைப் போல இருக்கிறவள் இறக்க வேண்டாமா என்று. அக்கா குள்ளம். அம்மாவும் அதே உயரம், நானும் அதே. அம்மாவை நிறுத்தி அளவெடுத்துத்தான் கல்லை நட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்த வழியே போனதில்லை. எங்கே என்று கேட்டால், "பாலராமபுரம் கழிஞ்சு, நெய்யாத்துக்கு இந்தப் பக்கம்" என்பாள். அதோடு வாயை மூடிக்கொள்வாள்.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள். ரோடு போட்டபோது எல்லாம் போயிருக்கும் அம்மா, இருந்ததோ இல்லையோ என்பார்கள். அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் அந்தக் கல் ஒன்றுதான். அது நிற்கிறதா என்று கண்ணை மூடுமுன் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியின் காரில் கிளம்பினோம். அவள் போனில் வழிப்படம் பார்த்து, "ஆச்சி, ரோட்ட நேராக்கினப்போ பழைய வளைவெல்லாம் அங்கங்க ஒதுங்கிக் கிடக்கு. அதுக்குள்ள போய்ப் பாப்போம்" என்றாள். மூளையுள்ளவள்.

பாலராமபுரத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலை வாங்கச் சொன்னேன்.

"வீட்ல பழம் கிடக்கே, ஆச்சி."

"திங்கவா வந்தோம்? தலையில வச்சுப் பாத்தாத்தானே உயரம் தெரியும்."

"அதுக்கு ஒரு டேப் போதுமே."

"டேப்புக்குக் கழுத்து வலிக்குமாட்டி?"

அந்தப் பழைய வளைவுகளுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பெரிய ரோட்டின் கடைகளைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே திரும்பினால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். செம்மண் மேட்டைப் பிளந்து போகிற வழி. மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், ரப்பர், பாசி பிடித்த குளம், குளத்தங்கரையில் யாரும் இறங்காத படித்துறை. ஒவ்வொன்றையும் இது யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று கேட்டுக்கொண்டே போனேன். பேத்தி சலித்துப்போய், "ஆச்சி, எனக்கு இருபத்தாறு வயசுதான்" என்றாள்.

முதல் கல் ஒரு கோயில் வளாகத்தில், வழியை விட்டு உள்ளே தள்ளி நின்றது. குலையைத் தலையில் வைத்து நின்று பார்த்தேன். ஒரு சாண் உயரம் கூடுதல். இரண்டாவது ஒரு வீட்டு முற்றத்தில். அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். அதுவும் ஆண்பிள்ளைக் கல்தான். மூன்றாவது ஒரு வளைவில், சாயாக்கடைக்கு எதிர்ப்புறம் இருந்தது. என் முழங்காலுக்கு வந்தது. இரண்டு கிழவர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாயாக்கடைக்காரன், "அம்மச்சி, அது ஆளு இரிக்கான் இட்ட கல்லு" என்றான். உட்காரப் போட்டது என்கிறான். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. போய்விட்டோம்.

உச்சி வெயிலில் ஒரு ஓட்டு வீட்டில் தண்ணீர் கேட்டோம். ரோட்டிலிருந்து நாலு படி இறங்கித்தான் வாசல். என் வயதுக்காரி ஒருத்தி செம்பில் கொண்டுவந்தாள்.

"மழைக்கு வெள்ளம் உள்ள வராதா? குழியில வீடு கெட்டியிருக்கியளே" என்றேன்.

அவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "குழியிலயோ? நான் கல்யாணம் கழிஞ்சு வந்தப்போ மூணு படி ஏறியாக்கும் உள்ள வந்தது. வீடு தாழ்ந்ததில்ல. ரோடு உயர்ந்ததாக்கும். தார் இடும்போதெல்லாம் கொஞ்சம், மண்ணு கொண்டு தட்டும்போதெல்லாம் கொஞ்சம்."

பாதித் தண்ணீரில் செம்பை இறக்கிவிட்டேன். மூணு படி ஏறிய இடத்தில் இப்போது நாலு படி இறக்கம். ஏழு படி உயரத்துக்கு ரோடு ஏறியிருக்கிறது. அப்படியானால் வழியோரத்தில் நட்ட கல்?

"வண்டியத் திருப்பு" என்றேன்.

சாயாக்கடைக்கு எதிர்ப்புறக் கல்லில் கிழவர்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் நாங்கள் ரோட்டுப்பக்கம் மட்டும் பார்த்தோம். பின்பக்கம் நிலம் சரிந்து வாழைத்தோட்டமாக இறங்குகிறது. அங்கே யாரும் மண் தட்டவில்லை. பேத்தியின் கையைப் பிடித்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கல்லின் இரண்டு கால்களும் முழுசாக நின்றன.

துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு கோலிக்கொண்டேன். பேத்தி குலையைத் தூக்கி வைத்தாள்.

"மெல்ல, ஆச்சி. இடுப்ப ஒடிச்சுக்கிட்டா அம்மை என்னைக் கொன்னுருவா."

நேராக நின்றேன். குதிகாலைத் தூக்கவில்லை, முழங்காலை மடக்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்தேன். குலை தானாகப் போய்க் கல்லில் உட்கார்ந்தது. வயதாகி நான் இரண்டு விரல் உயரம் குறைந்திருப்பேன். காலடி மண்ணும் அந்த அளவு ஏறியிருக்கும்.

மேலே இருந்த கிழவர் ஒருவர் தள்ளி உட்கார்ந்து, "குலை விக்கானோ அம்மச்சி?" என்றார்.

"விக்க இல்ல. எறக்க."

பேத்தி கேட்டாள், "இது உன் அக்கா கல்லுதான்னு எப்பிடி ஒறப்பாச் சொல்லுவே? வேற குள்ளச்சி யாரும் சாகலையா?"

"செத்திருப்பா. ஆனா குள்ளச்சிக்குன்னு சண்டை பிடிச்சு அளவு குறைச்ச அம்மை ஒருத்திதான் இருப்பா."

அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். கல் அவள் தாடைக்குத்தான் வந்தது. அவள் தாத்தா மாதிரி உயரம். நான் கல்லைத் தடவிப் பார்த்தேன். நடுவில் தேய்ந்து வழவழவென்று கொஞ்சம் குழிந்திருந்தது. உட்கார்ந்தவர்கள் தேய்த்ததா, சுமை தேய்த்ததா, தெரியவில்லை. அதை யாரிடம் கேட்பது. குலையைச் சாயாக்கடையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

இவ்வளவுதான் மக்ளே. எழுதினதைக் காட்டாதே, எனக்கு வாசிக்க ஒரு நாளாகும். நீயே வாசி. பாலராமபுரம் கழிஞ்ச பழைய வளைவுன்னு இருக்கா, சாயாக்கடைக்கு எதிர்ப்புறம்னு இருக்கா, பின்னால வாழைத்தோட்டத்துல இறங்கித்தான் பாக்கணும்னு இருக்கா, நான் கேக்கணும். இல்லேன்னா உன் மாமன்மார் ரோட்டுல நின்னு பாத்துட்டு, கல்லே இல்லன்னு திரும்பிருவானுவ. மொதல்லேருந்து, மெதுவா.