கார்த்திகைப்பூக் கொடியும் நடாத சுமைதாங்கியும்

என் மனைவி தானாகக் கிழங்கு தின்று சாகவில்லை. கொடுக்கச் சொன்னது நீர், கங்காணியாரே. அவளே தின்றாள் என்று துரையிடம் பொய் சொன்னதும் நீர்தான்.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

மலாயாவில் புலாவ் செபாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கிழக்கே ஒரு மேடு, அதன் மேல் கோயில். கோயில் வேலியில் கார்த்திகைப்பூக் கொடியை நட்டது நீர். தோட்ட வேலைக்கு ஆள் கட்ட ஊருக்குப் போனபோது உம்முடைய ஊர் முள்ளுக்காட்டில் கிழங்கைத் தோண்டி, பழைய வேட்டியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தீர். வறண்ட காட்டில் கிடந்தது இந்த மழைத் தேசத்தில் அழுகிப் போகும் என்று நாங்கள் சிரித்தோம். மேட்டுச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காததால் பிழைத்துக்கொண்டது. இலை நுனியே சுருண்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் இரத்தச் சிவப்பாகும். இதழ்கள் எல்லாம் மேலே வளைந்து அடுப்பு எரிவது போல இருக்கும். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து செத்த மாதிரி கிடக்கும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும்.

என் மனைவிக்கு அந்தப் பூவின் மேல் உயிர். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற வழியில் வேலிப் பக்கம் நின்றுவிடுவாள்.

"பாத்தியாய்யா, நம்மள மாதிரிதான். எங்கியோ காட்டுல கெடந்தது, கப்பலேறி வந்து வேலிக்குக் காவல் நிக்குது."

"நீ கப்பல்ல வாந்தி எடுத்த. அது எடுக்கல."

"வாயப் பாரு! ஒரு பூ பறிச்சுக் குடுக்க வக்கில்ல, பேச்சு மட்டும் கொறச்சலில்ல."

பறிக்க முடியாது. கார்த்திகைக்கு முருகனுக்குச் சாத்துகிற பூ அது. உம்மைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது.

அவளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவம் பார்க்க லயத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். ஊர் வழக்கப்படி அந்தக் கிழங்கை அரைத்து உள்ளங்காலிலும் தொப்புளைச் சுற்றியும் பூசினார். பிள்ளை வெளியே வந்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கிழங்குக்கு வேலை. அது வாயில் படக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விடிந்தும் பிறக்கவில்லை. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டு நின்ற உம்மிடம் ஓடிவந்தேன்.

"மாமா, லோரி குடுங்க. மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடறேன்."

"லோரி ரப்பர் ஷீட்டு ஏத்த நிக்குதுடா. பொம்பள புள்ள பெக்கறது ஒலகத்துல புதுசா? போய் மரத்த வெட்டு."

"நாளைக்குச் சேத்து வெட்டறேன் மாமா. இப்ப லோரி குடுங்க."

"தொர கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா? முடியாதுலா, போ."

மாட்டுவண்டி பிடிக்கப் புலாவ் செபாங்குக்கு ஓடினேன். நான் போன பிறகு நீர் என் வீட்டு வாசலுக்கு வந்தீர். அவள் செத்தால் லோரி ஏன் கொடுக்கவில்லை என்று துரை கேட்பான் என்ற பயம் உமக்கு. கையில் கிழங்கோடு வந்தீர்.

"கால்ல பூசினா எப்ப எறங்கறது? கருப்பட்டியில வச்சு உள்ளுக்குக் குடு."

"வெஷமுங்க. வேணாம்," என்றார் பெரியம்மா.

"எங்க ஊருக் கெழங்கு, எனக்குத் தெரியாதா? சென மாட்டுக்கு இதத்தான் குடுப்போம். குடுன்னா குடு. ஒன் மவனுக்குத் தோட்டத்துல வேல வேணுமா வேணாமா?"

பெரியம்மா கொடுத்துவிட்டார்.

நான் வண்டியோடு வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பெண் பிள்ளை. என் மனைவி பாயில் சுருண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் நெருப்பு வைத்தது போல எரிகிறது என்றாள். வண்டியில் தூக்கிக் கிடத்தினோம்.

"இன்னும் கசக்குதுய்யா. நான் கேக்கல. கங்காணி மாமா குடுக்கச் சொன்னாரு." கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளையப் பாத்தியா? மூக்கு உன்னோட மூக்குதான், பாவம்," என்றாள்.

அலோர் காஜா வருவதற்கு முன்பே போய்விட்டாள். வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்தை மூடினார்.

திரும்பி வந்தால் தோட்டம் முழுக்க உம்முடைய பேச்சு. வலி தாங்காமல் அவளே கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டாளாம். பாயை விட்டு எழ முடியாதவள் மேடேறி வேலியோரம் எப்படித் தோண்டினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மாவும் வாய் திறக்கவில்லை. ரப்பர் விலை விழுந்து ஆட்களைத் திருப்பிக் கப்பலேற்றிய காலத்தில், ஊருக்குப் போவதற்கு முன்னால்தான் என்னிடம் வந்து வாசலில் நடந்ததை அழுதுகொண்டே சொன்னார். இன்று அவரும் இல்லை. தெரிந்தவர் நீர் ஒருவர்தான் மிச்சம்.

பிரசவத்தில் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது எங்கள் வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்த வேண்டும். ரப்பர் பால் வாளி சுமந்து வருகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு விடட்டும் என்று ஸ்டோருக்குப் போகிற வழியில் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டேன். "தானா செத்தவளுக்குச் சுமைதாங்கி ஒரு கேடா?" என்று காலால் எத்தினீர். அந்தக் கற்கள் அங்கேயே புல்லுக்குள் கிடக்கின்றன.

மகளைத் தூக்கிக்கொண்டு மலாக்கா டவுனில் தெங்கேராவுக்கு வந்து அரிசிக் கடையில் மூட்டை தூக்கினேன். நீரும் பிறகு டவுனுக்கு வந்தீர். கடை வைத்தீர், இங்குள்ள கோயிலுக்குத் தலைவர் ஆனீர். அந்தக் கொடியும் உம்மோடு வந்து இந்தக் கோயில் வேலியில் ஏறியிருக்கிறது.

போன மாதம் கிளேபாங்கிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்துச் சிரித்துப் பேசிப் போனவர்கள், "தாய் கெழங்கு தின்னவளாமே" என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சேதி வந்த அன்று காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் அவள் கேட்டாள்.

"அப்பா, நான் வேணாம்னுதான் அம்மா தின்னாங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

நான் என்ன சத்தியம் செய்தாலும் அவள் நம்பமாட்டாள். பெண்டாட்டி மானத்தைக் காக்கப் புருஷன் சொல்கிற சொல் அது. நீர் சொன்னால்தான் நம்புவாள்.

கார்த்திகையன்று முருகனுக்கு அந்தப் பூவைச் சாத்திவிட்டு நீர் எழுந்து பேசுவது வழக்கம். இந்த வருஷம் என் மகளைக் கூட்டிவந்து உமக்கு எதிரே உட்கார வைப்பேன். பூவைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் பிறகு பேசலாம். முதலில் அத்தனை ஜனங்களுக்கும் கேட்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். அவள் தாய்க்கு அந்தக் கிழங்கைக் கொடுக்கச் சொன்னது யார்?