அரை கிராம் வாங்கிய பாட்டுப் பெட்டி

எடை அளவு ஆய்வாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்ப்பவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அரை கிராம். மளிகைக் கடைத் தராசில் அரை கிராம் பிசகினாலும் முத்திரை வைக்காமல் திரும்பி வந்துவிடுவார் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அது தெரியும். கோபம் இல்லை. "அரை கிராம்னு சொல்றது கொஞ்சம் மிகை. தங்கக் கடைன்னா சரி, அரிசிக் கடைக்கு அவ்வளவு பாக்க மாட்டேன்" என்று பெயரையே திருத்தப் பார்த்தார். எடுபடவில்லை.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி சட்டத்தில் பொருத்தும் வேலை செய்கிறார். இரண்டு பேரும் காலையில் ஒரே காரில்தான் கிளம்புவார்கள். ஓட்டுவது மனைவி. அரை கிராமுக்கும் உரிமம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஓட்டிக்கொண்டும் இருந்தார். பலகையில் நாற்பது என்று எழுதியிருந்தால் முள்ளை நாற்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தி ஓட்டுவார். ஒருநாள் பின்னால் வந்த பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் சிக்னலில் இறங்கி வந்து, "வண்டியில ஏதாவது கோளாறா சார், தள்ளிவிடணுமா?" என்று அக்கறையாக விசாரித்தார். அன்றைக்கே சாவி மனைவியின் கைக்கு மாறியது.

சாவி மாறியதே தவிர வாய் மாறவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி அவர் காரை வாயால் ஓட்டினார். "இப்ப நாப்பத்தி மூணுல போறே. முன்னாடி போறவனுக்கும் நமக்கும் ஆறு மீட்டர்தான் இருக்கு. சிக்னல் விழப் போகுது பாரு." வீட்டிலிருந்து கண்ணாடிக் கடை வரை இருபத்து நான்கு நிமிடம். இருபத்து நான்கு நிமிடமும் இதுதான்.

ஒருநாள் மனைவி வண்டியை நிறுத்தி இறங்கும்போது சொன்னார். "என்னங்க, இந்த வண்டியில பாட்டு கேக்க ஒரு வழி பண்ணுங்களேன். பாட்டு ஓடினா எனக்கு ஓட்ட நல்லா இருக்கும்."

அவர் சொல்லாமல் விட்ட பாதி, பாட்டு ஓடினால் நீங்கள் பேச மாட்டீர்கள் என்பது. அது அரை கிராமின் காதில் விழவில்லை. மனைவி கேட்டது ஒரு பொருள். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்.

கார் பழையது. மனைவியோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. அதன் ரேடியோவில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம்தான். சிடி போடும் வாய் முந்தைய சொந்தக்காரரின் தட்டு ஒன்றை விழுங்கிவிட்டு இன்றுவரை கக்கவில்லை. ஒயர் சொருக ஒரு சின்ன வட்டத் துளை மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அதில் தன் செல்போனைச் சொருகிப் பார்த்தார். பல்லவி முடிவதற்குள் மணி அடித்தது. "சார், இங்க பெட்ரோல் பங்க்ல அஞ்சு லிட்டர்னு சொல்லி நாலரைதான் ஊத்துறான்" என்று யாரோ ஒருவர் நான்கு ஒலிபெருக்கி வழியாகவும் முறையிட்டார். ஆக, பாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி தேவை என்பது முடிவாயிற்று.

மின்சாதனக் கடையில் இருந்த விற்பனைப் பெண் நல்ல பொறுமைசாலி. அது அவருக்குத் தேவைப்பட்டது. முதல் நாள் கட்டை விரல் அளவில் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, "வெறும் பதினெட்டு கிராம்தான் சார், இறகு மாதிரி" என்றார். அரை கிராம் சட்டைப் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்தார்.

"பத்தொன்பது புள்ளி நாலு வருதேம்மா."

"மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு சார்."

ஸ்டிக்கரை உரித்து மறுபடி நிறுத்தார். பதினெட்டு புள்ளி ஒன்பது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், முழுக்கக் கண்ணாடித் திரை உள்ள ஒன்றைக் காட்டினார்கள். அரை கிராம் அதைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். பாட்டு மாறவில்லை, திரையின் மொழி மாறிவிட்டது. பெட்டி தெரியாத எழுத்தில் ஏதோ கேட்டது.

"கண்ண மூடிக்கிட்டு யாரு சார் பாட்டு மாத்துவாங்க?"

"ரோட்டப் பாக்கறவங்கம்மா. கண்ண எடுக்காம தடவிப் பாத்தே பட்டன் தெரியணும்."

"வண்டி ஓட்டறது நீங்களா?"

"இல்ல, என் மனைவி."

"அப்ப பட்டன் அமுக்கப் போறது நீங்க. நீங்க கண்ணத் திறந்துக்கிட்டே அமுக்கலாமே சார்?"

அரை கிராம் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு, "நல்ல கேள்வி" என்று சொல்லி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் மேடான பட்டன்தான் வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு பெட்டி, அணைத்துப் போட்டால் எப்போதும் முதல் பாட்டிலிருந்தே ஆரம்பித்தது. "இத வாங்கினா ஆயுசுக்கும் ஒரே பாட்டுதான்" என்று தள்ளிவிட்டார். இன்னொன்று வெயில் தாங்குமா என்று சந்தேகம் வந்தது. மதியம் பூட்டிய காருக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று பார்க்க ஓட்டுநர் இருக்கையில் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டுச் சொல்ல மறந்துவிட்டார். அதன்மேல் போய் உட்கார்ந்த மனைவி அன்று வழி முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாவது தடவை கடைக்கு மனைவியையும் கூட்டிப் போனார். விற்பனைப் பெண்ணைக் காரின் பின் இருக்கையில் ஏற்றி, பெட்டியைத் துளையில் சொருகி, மின்சாரத்துக்கு இன்னொரு ஒயரும் கொடுத்து, மனைவியிடம் எஞ்சினை முடுக்கச் சொன்னார். முடுக்க முடுக்க ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம் ஏறியது.

"கேக்குதா? ஈ ஒண்ணு கூடவே பாடுது" என்றார் அரை கிராம் வெற்றியோடு.

"எனக்கு அந்த ஈயே போதுங்க. வாங்கிடலாம்" என்றார் மனைவி.

விற்பனைப் பெண் உள்ளே போய், ஒயரின் நடுவே மாட்டுகிற சின்ன உருளை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஈ செத்தது. அரை கிராம் மூன்று தடவை மாட்டிக் கழற்றி உறுதிசெய்துகொண்டார். ஆக ஏழாவது வாரத்தில், உள்ளங்கை அளவில், ஐந்து மேடான பட்டனோடு, விட்ட இடத்திலிருந்து பாடுகிற ஒரு கறுப்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு சாயங்காலத்தில் அறுநூறு பாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தாள். "அப்பா, இனிமே கடைப்பக்கம் போகாதீங்க, பாவம் அந்த அக்கா" என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை. மனைவி வண்டியைக் கிளப்பினார். அரை கிராம் பட்டனை அமுக்கினார், கண்ணைத் திறந்துகொண்டுதான். வயலின்கள் எழுந்தன. முதல் சிக்னலைக் கடந்தார்கள்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேகம் நாற்பத்தைந்து, ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. ஏழு வாரம் பட்டது வீண்போகவில்லை என்று நினைத்தார்.

பாடகர் வாயைத் திறந்தார். கூடவே அரை கிராமும் திறந்தார்.

கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. தராசில் அரை கிராமைப் பிடிக்கிற மனிதர் சுருதியில் அரை கிலோ தள்ளி நின்றார். பாட்டு மேலே போனால் இவர் பக்கவாட்டில் போனார். நல்ல கனத்த குரல் வேறு. முன்னால் போன சின்ன ஸ்கூட்டர்கூட ஒதுங்கி வழிவிட்டது.

முதல் நாள் உற்சாகம், தானாக அடங்கிவிடும் என்று மனைவி நினைத்தார். நான்காம் நாள் மகளைக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். புதுப் பாட்டுகளை அரை கிராம் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். வெறும் வீணையும் புல்லாங்குழலுமாக மாற்றிப் பார்த்தார்கள். அதற்குத் "தன்னானே" போட்டார். கடைசியில் பழைய அறுநூறு பாட்டே பெட்டிக்குத் திரும்பி வந்தது.

"உங்களுக்குத் தொண்டை வலிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார் மனைவி.

"இல்லம்மா, இப்பத்தான் திறக்குது" என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்துவிட்டு மனைவி கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒருநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டு, அரை கிராம் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பெட்டியின் பாட்டுப் பட்டியலை மேய்ந்தார். அறுநூற்றுக்கு மேல் ஒன்று கூடுதலாக இருந்தது. பெயர் இல்லை, தேதி மட்டும். ஒரு பட்டனை அதிக நேரம் அமுக்கிப் பிடித்தால் பாட்டு ஓடும்போதே பெட்டி தன்னைச் சுற்றியுள்ள சத்தத்தைப் பதிவு செய்யும் என்பது அதன் கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அவருக்கு அது மனப்பாடம். ஆனால் காலையில் ஒரு பாட்டை ரசித்து விரலை எடுக்க மறந்தது அவருக்குத் தெரியாது.

ஓடவிட்டார். யாரோ பாட்டுக்கு நடுவே தகராறு செய்வது போல இருந்தது. சந்தையில் ஏதோ சண்டை என்று நினைத்தார். அந்தக் குரல் நடுவில் நிறுத்தி, "லெஃப்ட்ல சைக்கிள் வருது" என்று சொன்ன பிறகுதான் ஆள் யாரென்று விளங்கியது.

எந்த அளவையும் மூன்று முறை எடுப்பது அவர் வழக்கம். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை தன் குரலுக்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் ஒரு பெருமூச்சு. எண்ணினார். பதினான்கு.

அன்று மாலை மனைவி கண்ணாடிக் கடையிலிருந்து வந்து வண்டியில் ஏறியபோது பெட்டி அரை கிராமின் பைக்குள் இருந்தது. இரண்டு தெரு தாண்டியும் அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு, பேட்டரி போச்சா?"

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பழுது."

"உடம்பு சரியில்லையா?"

"உன்னால எப்படி மூணு வாரம் தாங்க முடிஞ்சுது?" என்றார் அவர். "நான் பாடினது பதிவாகியிருக்கு. கேட்டேன்."

மனைவி வண்டியை ஓரம் கட்டினார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நெற்றி பட்டு ஹாரன் அடித்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

"மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் வாயத் திறந்தேன். நீங்க சின்னப் புள்ள மாதிரி சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"ஒரு கடைக்காரன் இப்படி ஒரு தராசு வெச்சிருந்தா அன்னிக்கே பூட்டியிருப்பேன்."

"ஏங்க, எந்தத் தராசும் துல்லியமா இருக்காது, இவ்வளவு வரைக்கும் பிசகலாம்னு உங்க சட்டத்துலயே இடம் இருக்குன்னு சொல்வீங்களே?"

"இருக்கு. ஆனா நான் அதையும் தாண்டி ரொம்ப தூரம் போயிட்டேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, ஒண்ணு பண்ணலாம். வழியில வர்ற ஆத்துப் பாலம் ஏறினதுலேருந்து இறங்கறவரைக்கும் நீங்க பாடிக்கோங்க. மத்த நேரம் பாடறவங்களப் பாட விடுங்க. சம்மதமா?"

அரை கிராமுக்கு உயிர் வந்தது. மறுநாளே அளந்துவிட்டார். பாலம் ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர். சுமாராக இரண்டு நிமிடம். ஒரு பல்லவிக்கும் முக்கால் சரணத்துக்கும் வரும். பாலம் நெருங்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார். இறங்கிய இடத்தில், பாதிச் சொல்லில் இருந்தாலும், நிறுத்திவிடுவார். அந்த நாணயத்தில் குறை சொல்ல முடியாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, பாலத்தின் நடுவே ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இவர்கள் கார் பாலத்தின்மேல், சரியாக நட்ட நடுவில்.

இரண்டு நிமிடம் முடிந்தது. மனைவி திரும்பிப் பார்த்தார்.

"சட்டம் தூரத்துக்குத்தான் போட்டே, நேரத்துக்கு இல்ல" என்றார் அரை கிராம்.

"அநியாயம்ங்க."

"இன்னும் பாலம் இறங்கலையேம்மா."

ஐம்பது நிமிடம் பாடினார். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னவென்று பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். மழை கூரையில் தாளம் தப்பித் தட்டியது; அதற்கும் அவருக்கும் ஒத்துப்போனது. மனைவி முதலில் காதைப் பொத்தினார், பிறகு கடைக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொன்னார், பிறகு பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து அவருக்கும் இரண்டு கொடுத்தார். பொட்டலத்தின் எடையை அவர் அன்று படித்துப் பார்க்கவில்லை.

கடைசியில் லாரியை இழுத்து ஓரம் தள்ளினார்கள். வண்டிகள் நகரத் தொடங்கின. அரை கிராம் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்து எதப் போடட்டும்?" என்று கேட்டார்.

"போன வாரம் பாடுனீங்களே, அந்தப் படகுப் பாட்டு, அதப் போடுங்க" என்றார் மனைவி. முதல் கியரிலேயே, மெதுவாக, பின்னால் அடித்த ஹாரன்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பாலத்தின் மீதிப் பாதியைக் கடந்தார்.