பதினோரு மோசமான படங்கள்

மாலை போட நல்ல படம் ஒன்று இல்லாவிட்டால் சாவு வராது என்று நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில், அதுவும் மலேசியாவின் கேமரன் மலையில் பாதிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவன். சிரிக்கலாம், தப்பில்லை.

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று ஈப்போ டாக்டர் சொன்ன வாரமே அவள் கேட்டுவிட்டாள்.

"முடி கொட்டுறதுக்குள்ள ஒரு படம் எடுத்துடுங்க. நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல செத்தவங்கள எல்லாம் யாரோட கல்யாணப் படத்துலருந்தோ வெட்டி எடுக்குறாங்க. தோள்ல வேற யாரோ கை இருக்கு. எனக்கு அது வேணாம் லா."

முகத்தை அழகாகக் காட்டுவது பெரிய வித்தையில்லை. தலைக்கு மேலே எரியும் விளக்கை முதலில் அணைக்க வேண்டும். அது கண்ணுக்குக் கீழே குழி தோண்டும். ஆளைச் சன்னலோரம் சற்றுத் திருப்பி உட்காரவைக்க வேண்டும். வெளியே தேயிலைமேல் பனிமூட்டம் இறங்கியிருந்தால் யோகம்தான், வேட்டியில் வடிகட்டியதுபோல் வெளிச்சம் வரும். கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். தள்ளி நின்று ஜூம் செய்ய வேண்டும். கேமரா கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு ஏதாவது கிண்டலடித்து, சிரிப்பு அடங்குகிற நொடியில் பொத்தானை அமுக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நான் அவளைச் சமையலறைக் குழல்விளக்குக்கு நேர்கீழே நிறுத்தினேன். முட்டிபோட்டுக் கீழிருந்து எடுத்தேன். அவள் பேசும்போது பாதி வார்த்தையில் அமுக்கினேன். பதினோரு படங்கள். ஏழில் கண் மூடியிருந்தது, மிச்சத்தில் வாய் கோணியிருந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி.

"என்னங்க இது? கியா பார்ம் சந்தை முட்டைக்கோசுக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்கேன்."

"கேமரா சரியில்ல லா."

"மேல் லயத்துக் கல்யாணப் பொண்ணு மட்டும் இதே கேமராவுல ராணி மாதிரி வந்தாளே?"

"அவளுக்கு இருவத்திரண்டு வயசு."

கையிலிருந்த துண்டால் அடித்தாள். அடி பலமாக விழவில்லை. அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்; பயந்தவனுக்கு எதுதான் சகுனமில்லை?

அப்புறம் தினமும் ஒரு சாக்கு. இன்று மூட்டம் போதாது, இன்று மூட்டம் அதிகம், பேட்டரி போய்விட்டது. இரண்டு பேட்டரிகளையும் துணி அலமாரியில் என் சட்டைக்கடியில் ஒளித்துவைத்தேன். முடி கொட்டியது. தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு சன்னலோரம் தானாகவே போய் உட்கார்ந்தாள், ஒரு தோளைச் சரியாகத் திருப்பி. பக்கத்தில் இரண்டு பேட்டரிகள் இருந்தன.

"உங்க துணிய தினம் மடிக்கிறது யாரு? நீங்க படம் எடுக்காட்டி நான் போகாம இருந்துடுவேனா?"

பேட்டரிகளை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இன்னைக்கு வேணாம்மா. வெள்ளிக்கெழம எடுக்கிறேன். சத்தியமா."

"சரி, வெள்ளிக்கெழம" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூச்சு முட்டியது. புதன் காலை ஈப்போ மருத்துவமனையில் இறந்துபோனாள். சடங்குக்கு அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். அதை எடுத்தவர் யாரோ ஓர் அலுவலர்.