சன்னலுக்குக் கட்டிய பட்டு

என் மகளுக்குப் பத்து வயதானபோது அவளை மிஷன் போர்டிங்கில் சேர்த்துவிட வேண்டுமென்று நான் தலைகீழாக நின்றேன். மகாராணி ஆண்ட அந்தக் காலத்தில் ஆரணியில் எங்கள் வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு நாலாவதோடு சரி. அதற்கு மேல் வேண்டுமானால் வெளியூர் போர்டிங்தான். சோறு, துணி, புத்தகம் எல்லாம் அவர்களே கொடுத்து, சில வருடத்தில் வாத்தியாரம்மாவாக்கி அனுப்புவார்கள். ஆரணிக்கும் சுற்று ஊர்களுக்கும் சேர்த்து அந்த வருடம் இரண்டே இடம். அது கிடைக்காவிட்டால் அவளும் என்னைப் போல விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரை பட்டு நூல் சுற்ற வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் புதன்கிழமைத் தையல் வகுப்பில் மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி ஊசியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற பைபிளம்மா ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள், நல்லவள். அவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"அக்கா, வர்ற சனிக்கெழம தொரசானி உன் ஊட்டப் பாக்க வராங்க. பாத்துட்டுதான் பொண்ண எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்."

ஒரு பெண்ணை முன்னிட்டு யாராவது வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே வழக்கம்தான். சுண்ணாம்பு அடிப்போம். இரவல் ஜமக்காளம் விரிப்போம். இருப்பதையெல்லாம் எடுத்துக் கண்ணில் படும்படி வைப்போம், இல்லாததையும் இருக்கிற மாதிரி காட்டுவோம். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு எப்போதும் அப்படித்தான். துரைசானி வருகிறாள் என்றதும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மிஷன் பங்களாவில் சன்னல்களின் தலைமாட்டில் ஒரு பலகை அடித்து, அதை மூடித் துணியைக் கொசுவி, ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். வெயிலை மறைக்காது, மழையைத் தடுக்காது, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். துரைசானி அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொல்வாள். நாங்கள் தொங்கல் என்போம். அத்தனை சன்னலுக்கும் தைத்துக் கொடுத்தவள் நான். துணி என்னவோ சோகை பிடித்த வெளிர்ப் பச்சை. இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று தைக்கும்போதே நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுத் தறியில் அப்போது ஒரு சேலை வீணாய்ப் போயிருந்தது. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. டப்பாவில் வருகிற சீமைச் சாயம் ஊருக்குப் புதிது. அது எப்போது ஒட்டும், எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் இரண்டு முழத்துக்கு அரக்கு மஞ்சள் கரைக்குள் கசிந்து கறையாகிவிட்டது. முதலாளி சேலையை என் வீட்டுக்காரர் மேல் வீசி, நஷ்டத்தையும் அவர் தலையில் கட்டினார். கிராமத்துப் பக்கம் யாருக்காவது வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கத்தரியை எடுத்தேன்.

சனிக்கிழமை வரை இருந்த ஐந்து நாளும் நான் பட்ட சந்தோஷத்தை மறைத்து என்ன பயன்? முன் அறையை ஒரு சேலையாக நினைத்துக்கொண்டேன். சுவர்தான் உடல். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து இளம் மஞ்சளாக அடித்தேன். சன்னல் இரண்டும் கரை. கறையை ஒதுக்கி வெட்டி, அரக்கைக் கொசுவி, மாம்பழ மஞ்சள் கரை அடியில் வரும்படி தொங்கவிட்டேன். பழைய தறிக்கட்டை ஒன்றை அறுத்துப் பலகையாக்கி இவர்தான் அடித்துக் கொடுத்தார். கடைசிச் சுவரோரம் இருந்த பெஞ்சு முந்தி. அதற்குப் பழைய வேட்டி ஒன்றைச் சாயக்காரர் வீட்டு மிச்சத் தண்ணீரில் அரக்காக முக்கி எடுத்து மெத்தை உறை தைத்தேன். வெயில் உள்ளே விழுந்தால் அறையே முகூர்த்தச் சேலை கட்டி நின்ற மாதிரி இருந்தது. எதிர் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

சனிக்கிழமை துரைசானி வந்தாள். வேதத்தின் பத்துக் கட்டளைகளையும் பதினாறாம் வாய்பாட்டையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு என் மகள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். துரைசானி அவள் பக்கம் திரும்பவே இல்லை. சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிகவும் நேர்த்தியாயிருக்கிறது. என் வீட்டில் உள்ளதைப் பார்க்கிலும் நேர்த்தி" என்றாள். பிறகு கரையைத் தொட்டுப் பார்த்து, "இந்தப் பட்டு புதியதோ?" என்று கேட்டாள்.

இவர் வாயைத் திறந்தார். கறை பட்ட சேலை என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க, புதுசுதாங்க."

அவள் தலையை ஆட்டினாள். கொடுத்த காபியைக் குடித்தாள். ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். இடம் கிடைத்துவிட்டது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து பைபிளம்மா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒரு எடம் சேவூர் பொண்ணுக்குப் போயிடுச்சு. அந்த ஊட்ல சன்னலே இல்ல. போர்டிங்கு ஏழைங்களுக்குதான், பட்ட சன்னலுக்கு கட்றவங்களுக்கு தருமப் படிப்பு எதுக்குன்னு தொரசானி கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவளும் அந்தத் துரைசானிதானே? கற்றுக்கொண்டதை என் வீட்டில் செய்தால் அது குற்றமா? சன்னல் இல்லாத அந்த வீட்டின் மேலும், முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேலும்கூட எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னொரு எடம் இன்னும் காலியாதான் கீது. ஜல்தியா இத்தயெல்லாம் கழட்டிடுக்கா. கறத் துணிதாங்க, பெருமைக்கு சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. திங்கக்கெழம நானே அவங்கள கூட்டியாறேன்."

"என் ஊட்ட பிச்சக்காரி ஊடாக்கி காட்டமாட்டேன். பொய் சொன்னேன்னு அவங்க முன்னாடி போய் நிக்கவும் மாட்டேன். நீ போ."

அவள் போனாள். சாயங்காலம் இவரும் சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் பேஜார்தானே என்றார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. திங்கட்கிழமை வந்தது, போயிற்று. இரண்டாவது இடமும் யாருக்கோ போயிற்று. அடுத்த மாதம் பங்களா கூடத்துக்கு என் வீட்டுத் தொங்கல் மாதிரியே தைத்துத் தரச் சொல்லி துரைசானி ஆள் அனுப்பினாள். போய்த் தைத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மகளைப் பதினாலு வயதில் சேவூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தோம். நல்ல இடம்தான். தலைப்பிரசவத்துக்கு அவள் வந்திருந்தபோது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி சன்னலைப் பார்த்து ஏதோ கேட்டாள். நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். துரைசானி எப்படி வயிறெரிந்தாள், என் பிள்ளை படிப்பில் எப்படி மண்ணைப் போட்டாள் என்று. ஏழு வருடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லித் தேய்ந்த கதை. அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

"பைபிளம்மா திங்கக்கெழம தொரசானிய கூட்டியாறேன்னு சொன்னாங்களே, அத மட்டும் ஏம்மா நீ யாருக்கும் சொல்றதில்ல?" என்றாள் என் மகள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் உள்ளதான் இருந்தேன். நீ சரின்னு சொல்லிடுவேன்னு, பாவாடயெல்லாம் எடுத்து மூட்ட கட்டிகினு இருந்தேன்."